சென்னையில் வீடு மாற்றும்போது லாரியை எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாற்றுகிறவர்கள் அட்டைப்பெட்டி, அட்வான்ஸ், கேஸ் டிரான்ஸ்ஃபர், பால் காய்ச்சும் நாள் என்று எல்லாவற்றையும் யோசித்துவிடுகிறார்கள். லாரி எங்கே நிற்கும் என்பதை மட்டும் டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். டிரைவருக்கு உங்கள் தெரு தெரியாது. வாசலில் இடம் இல்லையென்றால் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்துவார். அது தெருமுனையாக இருக்கலாம், மெயின் ரோடாகவும் இருக்கலாம். அங்கிருந்து உங்கள் பீரோவும் ஃப்ரிட்ஜும் நடந்து வர வேண்டும்.

தி.நகர், மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கோடம்பாக்கம் மாதிரி நெருக்கமான பகுதிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் யோசனை ஒன்றுதான்: முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், அந்த இடத்துக்கு ஏற்ற வண்டியைப் பேசுங்கள், அதற்குப் பிறகு நேரத்தைக் குறியுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வீடு மாற்ற லாரி நிறுத்துவதற்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டுமா?

சாதாரணமாக ஒரு குடும்பம் வீடு மாற்றுவதற்கு யாரும் அனுமதி வாங்குவதில்லை. வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் முன்கூட்டியே பணம் கட்டினால், உங்கள் வாசலில் அறிவிப்பு வைத்து இடத்தை ஒதுக்கித் தருவார்கள். சென்னையில் அந்த வழக்கம் இல்லை. தெருவில் இருப்பவர்களிடம் பேசித்தான் இடம் வாங்க வேண்டும்.

மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் உங்கள் பகுதி போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. வீடு மெயின் ரோட்டிலேயே இருந்தால், மாடிக்குச் சாமான் ஏற்ற கிரேன் வரப்போகிறது என்றால், அல்லது வண்டி நின்றால் தெருவே அடைபடும் என்றால். தேதி, நேரம், வண்டி அளவு, வீட்டு முகவரி எழுதிய ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். அங்கே இருப்பவர்களே எந்த நேரம் தோதுப்படும் என்று சொல்லிவிடுவார்கள்.

எந்த அளவு வண்டி சொல்வது? டிரைவர் '14 அடி' என்கிறார், அது எவ்வளவு இடம் பிடிக்கும்?

இங்கேதான் நிறைய பேருக்குக் கணக்கு உதைக்கிறது. 14 அடி, 17 அடி என்று சொல்வதெல்லாம் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியின் நீளம். முன் கேபினையும் சேர்த்தால் 14 அடி வண்டி 20 அடிக்குக் கிட்ட வந்துவிடும். பின்கதவைத் திறந்து, இரண்டு பேர் எதிரும் புதிருமாக ஒரு பீரோவைப் பிடித்து ஏற்ற இன்னும் 6 அடியாவது வேண்டும். ஆக, வாசலில் இரண்டு கார் நிற்கும் நீளம் காலியாக இருந்தால்தான் 14 அடி வண்டி ஒழுங்காக வேலை செய்யும்.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் மொத்தமே பன்னிரண்டரை அடிதான். அகலம் 5 அடி. ஒரு கார் போகும் சந்து எதிலும் நுழைந்துவிடும். ஏற்ற இடத்தையும் சேர்த்து ஒரு காரும் இரண்டு பைக்கும் நிற்கும் இடம் போதும். ஒற்றைப் படுக்கையறை வீட்டுச் சாமான் ஒன்றிரண்டு நடையில் முடியும். தோஸ்த், பொலேரோ பிக்கப், 407 எல்லாம் இதற்கும் 14 அடிக்கும் நடுவில் வரும்.

17 அடி வண்டியை மாம்பலம், திருவல்லிக்கேணி உள்தெருக்களுக்குக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள் என்பேன். உள்ளே வந்துவிடும், திரும்பத்தான் முடியாது. தெரு நீளத்துக்கும் ரிவர்ஸில் போக வேண்டும். பின்னால் நிற்கும் ஒவ்வொரு ஆட்டோவும் உங்களைத் திட்டும். சாமான் நிறைய இருந்தால், ஒரே ஊருக்குள் மாறுகிறவர்களுக்கு இரண்டு சின்ன வண்டியே மேல். ஒன்று ஏற்றும்போது இன்னொன்று இறக்கிக்கொண்டிருக்கும்.

போய் அளந்து பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். டேப் வேண்டாம், காலடி வைத்து எண்ணினால் போதும். தரையைப் பார்க்கிற மாதிரி மேலேயும் பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர், தாழ வளைந்த தூங்குமூஞ்சி மரக்கிளை, கடையின் தகரச் சாய்ப்பு: மூடிய கன்டெய்னர் வண்டிக்கு இவைதான் எமன். திறந்த வண்டி என்றால் வண்டி தப்பிவிடும், மேலே கட்டியிருக்கும் கட்டில் சட்டம் மாட்டும்.

தரையில் பார்க்க வேண்டியது மழைநீர் வடிகாலின் சிமென்ட் ஸ்லாப். ஓரமாக ஒதுக்குகிறேன் என்று டிரைவர் ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவார். வரும்போது காலி வண்டி, ஒன்றும் ஆகாது. சாமான் ஏறி முடித்துக் கிளம்பும்போதுதான் ஸ்லாப் உடைந்து சக்கரம் இறங்கும். ஸ்லாப் எங்கே ஆரம்பிக்கிறது என்று முன்கூட்டியே காட்டி, அதற்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள். ஈ.பி. பில்லர் பாக்ஸையும் (தெருவோர மின்வாரியப் பெட்டி) மறைக்கக் கூடாது.

வாசலில் எப்போதும் யாருடைய காராவது, பைக்காவது நிற்கிறது. இடத்தை எப்படிப் பிடிப்பது?

முழுக்க முழுக்க மனிதர்களைச் சார்ந்த வேலை இது. முதல் நாள் சாயங்காலமே ஆரம்பிக்க வேண்டும்.

எந்தக் கார் யாருடையது, எத்தனை மணிக்கு எடுப்பார்கள், எது மாதக்கணக்கில் நகராமல் நிற்கிறது என்று தெருவில் அத்தனையும் தெரிந்தவர் இஸ்திரி வண்டிக்காரர். அடுத்தது எதிர் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, மூன்றாவது டீக்கடை. இவர்களிடம் கேட்டால் கார் உரிமையாளர் எந்த மாடியில் இருக்கிறார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். இஸ்திரி வண்டியே உங்களுக்கு வேண்டிய இடத்தில் நின்றால், அவரிடமும் தன்மையாகக் கேளுங்கள். அவருக்குக் காலையில் கரி பற்றவைக்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் என்றால் வண்டியை நாலடி தள்ளி வைப்பதில் அவருக்குச் சிரமம் இருக்காது.

கார்க்காரரிடம் ராத்திரி 8, 8.30 மணி வாக்கில், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போங்கள். கேட்பதில் நேரம் தெளிவாக இருக்கட்டும்:

"சார், பக்கத்து 12ஆம் நம்பர் வீட்டுல இருக்கோம், நாளைக்குக் காலைல காலி பண்றோம். 6 மணிலேர்ந்து 8 மணி வரைக்கும் மட்டும் உங்க காரைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்திக்க முடியுமா? முடிஞ்சதும் நானே போன் பண்றேன்."

"கொஞ்ச நேரம்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு நாள் முழுக்கப் போய்விடுமோ என்று பயம் வரும். இரண்டு மணி நேரம் என்றால் சரி என்பார். போன் நம்பரை வாங்கிக்கொண்டு உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் வைப்பரின் கீழ் ஒரு சீட்டு: தேதி, நேரம், உங்கள் நம்பர். இவ்வளவுதான் எழுத வேண்டும்.

அவர் காரை எடுத்ததும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது, வேறு யாராவது வந்து நிறுத்திவிடுவார்கள். உங்களுடைய காரையோ, நண்பர்களின் இரண்டு மூன்று பைக்குகளையோ உடனே அங்கே விட்டு வைத்திருங்கள். லாரி தெருமுனைக்கு வந்ததும் எடுத்தால் போதும். பைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல், தெரு ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு அடி இடைவெளி விட்டு நிறுத்தினால் மூன்று பைக்கே லாரிக்கு வேண்டிய நீளத்தைக் காத்துவிடும்.

செங்கல், நாற்காலி, பூந்தொட்டி வைத்து மறிக்கலாமா?

தெரு பொதுச்சொத்து. நாம் பொருள் வைத்து மறிக்க உரிமை கிடையாது. ராத்திரி இருட்டில் பைக்கில் வருகிறவர் அந்தச் செங்கல்லில் ஏறி விழுந்தால் பாவம் நம்மைச் சேரும், வழக்கும் சேரும். லாரி வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், வீட்டு ஆள் ஒருவர் அங்கே நின்று, வருகிறவர்களிடம் சொல்வதில் தப்பில்லை.

எந்த நேரம் நல்லது?

வார நாளோ ஞாயிறோ, விடிகாலை 5.30லிருந்து 7.30க்குள் ஏற்றுவதுதான் சென்னையில் எடுபடும். 8 மணிக்குப் பள்ளி வேன்கள் வர ஆரம்பிக்கும். குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் அதே நேரத்தில்தான் தெருவுக்குள் வரும். தண்ணீர் லாரி வந்து சம்ப்பில் (தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி) குழாய் போட்டுவிட்டால் அது முடியும்வரை உங்கள் வண்டி வெளியே வர முடியாது. உங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை தண்ணீர் லாரி வருகிறது என்று கேட்டு வையுங்கள்.

பெரிய சரக்கு லாரிகளுக்குக் காலை, மாலை நெரிசல் நேரங்களில் நகருக்குள் தடை உண்டு, நேரம் சாலைக்குச் சாலை வேறுபடும். வெளியூரிலிருந்து வரும் வண்டி என்றால் ராத்திரியோ விடிகாலையோதான் உள்ளே வரும். டிரைவரிடம் 'எங்கே காத்திருந்து எத்தனை மணிக்கு உள்ளே வருவீர்கள்' என்று கேட்டுவிட்டு, அதை வைத்து நேரம் குறியுங்கள்.

தி.நகரில் பாண்டி பஜார், உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு வட்டாரம் என்றால் காலை 9 மணிக்கு மேல் நினைக்கவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அதற்கும் முன்னாலேயே கூட்டம் வந்துவிடும்.

நல்ல நேரம் பார்த்துத்தான் போக வேண்டும் என்கிறார் அம்மா. லாரியையும் அந்த நேரத்துக்கே சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பால் காய்ச்சுவது வேறு, சாமான் போவது வேறு. முகூர்த்த நாளில் விடியற்காலை பால் காய்ச்சிவிட்டு, சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் இவற்றை மட்டும் காரில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களுக்கு இதுவே திருப்தி. லாரி இரண்டு நாள் கழித்துச் சாதாரண நாளில் போகட்டும். முகூர்த்த நாளில் தெருவில் கல்யாண வண்டிகள் வேறு நிற்கும், லோடு ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

ராகு காலமும் பார்க்க வேண்டும் என்றால் திங்கட்கிழமை 7.30–9, சனிக்கிழமை 9–10.30, ஞாயிறு மாலை 4.30–6. விடிகாலையில் ஏற்றிக் கிளம்பினால் இந்த மூன்று நாளிலும் தொல்லை இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றத் தயக்கம் இல்லாதவர்களுக்கு ஆட்களும் வண்டியும் சுலபமாகக் கிடைக்கும். தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

அபார்ட்மென்டில் என்னென்ன கேட்க வேண்டும்?

அசோசியேஷனிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: எந்த நேரத்துக்குள் ஷிஃப்டிங் அனுமதி, ஞாயிறு உண்டா, லிஃப்டில் சாமான் ஏற்றலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, காலி செய்பவர்களுக்குத் தடையில்லாக் கடிதம் வேண்டுமா. அந்தக் கடிதம் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்க மாட்டார், அவரைக் கோபித்துப் பயன் இல்லை. செயலாளர் ஊரில் இல்லாத நாளில் கையெழுத்துக்கு அலைகிறவர்கள் அதிகம். ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

வண்டி உள்ளே வரலாம் என்றாலும், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் விடாதீர்கள். கூரை தாழ்வு, கூரைக்குக் கீழே தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஓடும். கன்டெய்னர் உரசினால் குழாய் போகும். திறந்த பக்கவாட்டு இடத்தில் நிறுத்தலாம் என்றால், அதற்குக் கீழே சம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கட்டடங்களில் வாசலுக்குள் நுழைந்த உடனே தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிதான். அதன் மூடி கார் பாரத்துக்குப் போட்டது, லாரி பாரத்தைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

எங்கள் சந்துக்குள் குட்டி யானை கூட வராது. என்ன செய்வது?

திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை, பழைய மயிலாப்பூர்ச் சந்துகளில் இது சகஜம். லாரியைப் பக்கத்தில் அகலமான தெருவில் நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து அதுவரை மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) கொண்டுபோவதுதான் வழி. அந்த வண்டிக்காரர்கள் அந்தச் சந்துகளிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள், எந்தத் திருப்பத்தில் பீரோவைச் சாய்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கண்ணாடி, டிவி, வாஷிங் மெஷின் மூன்றையும் அதில் ஏற்றாமல் ஆள் தூக்கி வரட்டும்.

இதில் ஒவ்வொரு பொருளும் இருமுறை ஏறி இறங்குகிறது. அதனால் கூலி பேசும்போதே வாசலிலிருந்து லாரி வரை எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆட்கள் வந்து பார்த்த பிறகு தூரம் தெரிந்தால் அங்கே நின்று பேரம் ஆரம்பிக்கும், லாரிக்கு வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். லாரிப் பக்கம் ஒருவர், வீட்டுப் பக்கம் ஒருவர் என உங்கள் ஆள் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும். நடுவழியில் சாமான் தனியாக இருக்கக் கூடாது.

'நோ பார்க்கிங்' போர்டு இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் என்ன ஆகும்?

வீட்டுச் சாமான் பத்து நிமிடத்தில் ஏறாது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் கட்டணப்படி, தடை செய்த இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 ரூபாய். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டி நின்றால் மோட்டார் வாகனச் சட்டம் 201ஆம் பிரிவின்படியும் அபராதம் விதிக்கலாம். அபராதம் வண்டி நம்பரின் மேல் விழும். டிரைவர் அதை உங்களிடம் கேட்பார், நீங்கள் அவரைக் காட்டுவீர்கள். நிறுத்தும் இடத்தை நீங்கள் சொன்னால் அபராதம் உங்களுடையது, அவராக மாற்றி நிறுத்தினால் அவருடையது என்று பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

போர்டே இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாத இடங்கள் உண்டு: தெருமுனை, வளைவு, பாலம், நடைபாதை, பஸ் நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல், மற்றவர் வீட்டு கேட், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை. நம் ஊரில் லாரிகள் நிற்பது இந்தக் கடைசி முறையில்தான். ஆம்புலன்ஸ் வந்தால் வழியே இருக்காது என்பதை நினைத்துப் பார்த்து, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

போலீஸ்காரர் வந்து எடுக்கச் சொன்னால்?

எடுத்துவிடுங்கள். வாதாட வேண்டாம். "சார், வீடு மாத்துறோம், இன்னும் கால் மணி நேர வேலைதான்" என்று வீட்டுக்காரர் நேரில் வந்து சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். டிரைவரை விட்டுப் பேச வைப்பது சரியில்லை. டிரைவர் சீட்டை விட்டு நகராமல் இருந்தால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம். அதனால் அவரைச் சாமான் தூக்கக் கூப்பிடாதீர்கள்.

மயிலாப்பூரில் திருவிழா நாளில் மாட்டிக்கொண்டால்?

பங்குனிப் பெருவிழா சமயத்தில், முக்கியமாகத் தேர் அன்றும் அறுபத்துமூவர் அன்றும், கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளைச் சுற்றி வண்டி விட மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி இருப்பவர்களுக்கு வைகுண்ட ஏகாதசி அன்றும் இதே நிலைமை.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணியால் மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம் பக்கம் சாலைகள் மாற்றி விடப்பட்டிருக்கலாம். வரைபடச் செயலி காட்டும் வழியை மட்டும் நம்பாமல், முதல் நாள் பைக்கில் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழியில் இருக்கும் சுரங்கப்பாதைகளைக் கவனியுங்கள். தி.நகர் துரைசாமி, மேட்லி, சைதாப்பேட்டை ஜோன்ஸ் ரோடு சுரங்கப்பாதைகளில் பெருமழைக்குத் தண்ணீர் நிற்கும். மழை இல்லாத நாளிலும் உயரமான கன்டெய்னர் சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன் உயர அளவுப் பலகையைப் பார்த்தாக வேண்டும். மெத்தைகளுக்குத் தார்ப்பாய் இருக்கிறதா என்று வண்டி பேசும்போதே கேளுங்கள்.

புது வீட்டுப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாதே?

ஏற்றும் இடத்துக்குச் செய்த ஏற்பாடு அத்தனையும் இறக்கும் இடத்துக்கும் வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். விடிகாலையில் ஏற்றினால் புது வீட்டுக்குப் போய்ச் சேர 9 மணி ஆகும், அதுதான் மோசமான நேரம். உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் அங்கே போய் இடத்தைக் காக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் முதல் நாளே போன் செய்து, வாசலில் நிற்கும் வண்டிகள் யாருடையவை என்று கேளுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நகரும் கார், முகம் தெரியாத நீங்கள் சொன்னால் நகராது. புதுத் தெருவில் முதல் அறிமுகமே சண்டையாக இருக்கக் கூடாது என்பதால் இந்தப் போனை மறக்காதீர்கள்.

ஸ்லாப் உடைந்துவிட்டது. பேசாமல் போய்விடலாமா?

போகக் கூடாது. ராத்திரி யாராவது அதில் கால் வைப்பார்கள். உடைந்த இடத்தில் மரக்கிளையோ சிவப்புத் துணியோ கட்டி அடையாளம் வையுங்கள். 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அழைத்துத் தெருப் பெயரும் கதவு எண்ணும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் வீட்டு வாசல் சாய்வையோ கேட்டையோ இடித்திருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லி, கொத்தனார் கூலியை அங்கேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். லாரிக்காரரின் பங்கை அவர் கிளம்புவதற்கு முன்னால் பிடித்துக்கொள்ளலாம்.

லாரி வரவே தாமதமானால், பேசி வைத்த இடம் என்ன ஆகும்?

கார்க்காரரிடம் 8 மணி வரை என்று சொல்லியிருக்கிறீர்கள், லாரி 7.30க்குத்தான் வருகிறது என்றால் 7 மணிக்கே அவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர் ஆபீஸ் கிளம்பும் வரை சரி என்பார், அல்லது முடியாது என்பார். முடியாது என்றால் இடத்தை விட்டுவிட்டு, அடுத்ததாகப் பார்த்து வைத்த இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள். அப்படி ஓர் இடத்தையும் முதல் நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும்: கோயில் பக்கத்துக் காலி இடம், கல்யாண மண்டப வாசல், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூடியிருக்கும் வங்கியின் முன்புறம். மண்டபத்திலும் வங்கியிலும் காவலாளி இருப்பார், அவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.